பல்லுக்குக் கம்பி: எப்போது, எவருக்கு, எவர் செலவில்?

ஜேர்மனியில் எமது பிள்ளைகள் பயிலும் எந்தப் பாடசாலையின் வாயிலில் நின்று பார்த்தாலும், ஐந்தாம் ஆறாம் வகுப்புகளிலிருந்து வெளியே வரும் பிள்ளைகளில் பலர் பல்லிலே கம்பி மின்னச் சிரித்துக்கொண்டு வருவதைக் காணலாம். தாயகத்தில் எமக்கு இது பழக்கமில்லாத காட்சி. ஒரு பிள்ளையின் பல் மிதந்திருந்தால், "பேத்தியாரின் சாயல்" என்று சொல்லி அத்துடன் விட்டுவிடுவதே அங்கே வழமை. பல்லுவலி வந்தால் வைத்தியரிடம் போவோம்; வலியில்லாத பல்லுக்கு வைத்தியம் எதற்கு என்பதே எமது மூத்தோரின் எண்ணம்.

இங்கு வந்த பின் எம்மவர் மத்தியில் இரு வேறு போக்குகள் தோன்றியுள்ளன. ஒரு சாரார், கம்பி என்பது வசதி படைத்தோரின் அலங்காரம் என எண்ணி, உண்மையாகவே சிகிச்சை தேவைப்படும் பிள்ளையையும் வீட்டில் வைத்திருக்கின்றனர். மற்றொரு சாரார், அயல் வீட்டுப் பிள்ளை போட்டுவிட்டதே என்று, ஏழு வயதுப் பிள்ளையின் முன்பற்களுக்கு இடையே ஓர் இடைவெளியைக் கண்டதும் கலங்கி ஓடுகின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நிதானமான பாதை உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல் நகர்வது எவ்வாறு?

பல்லானது தாடை எலும்பில் ஆணி அறைந்தாற்போல் இறுகியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. பல்லின் மீது மெதுவான, இடைவிடாத அழுத்தம் கொடுக்கப்படும்போது, அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. இவ்வாறு மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவில் பல் இடம்பெயர்கிறது. அதிக விசை கொடுத்தால் விரைவில் முடியும் என எண்ணுதல் தவறு. வேரே கரைந்துபோக இடமுண்டு. சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீள்வதன் காரணம் இதுவே.

இது நேற்றுத் தோன்றிய வைத்தியமன்று. பிரான்சியப் பல் வைத்தியர் பியேர் போஷார், 1728 இல் வெளியிட்ட தமது நூலில், உலோகப் பட்டியொன்றில் நூலாற் பற்களைக் கட்டி நிரைப்படுத்தும் முறையை விளக்கியிருக்கிறார். மேல் கீழ்க் கடைவாய்ப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் விதத்தைக் கொண்டு தாடைக் குறைகளை மூன்று வகுப்புகளாக அமெரிக்க வைத்தியர் எட்வேர்ட் ஆங்கிள் 1899 இல் பிரித்தார். இன்றும் வைத்தியர்கள் அப்பாகுபாட்டையே பயன்படுத்துகின்றனர்.

ஏழு வயதில் ஒரு பார்வை

பிள்ளைக்குப் பாற்பற்கள் 20. ஆறு வயதளவில் அவற்றின் பின்னால் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. பாற்பல் எதுவும் விழாமலே முளைப்பதால் பெற்றோர் பலர் இதனையும் பாற்பல் என்றே எண்ணி, சூத்தை விழுந்தாலும் "விழப்போகிற பல்தானே" என்று விட்டுவிடுகின்றனர். வாழ்நாள் முழுவதும் இருக்கவேண்டிய பல் அது. ஆறு முதல் ஒன்பது வயதுக்குள் முன்பற்கள் மாறுகின்றன. பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் பக்கப் பற்கள் மாறுகின்றன. மேல் வேட்டைப்பல் பதினொன்று, பன்னிரண்டு வயதளவில் இறுதியாக வருகிறது.

ஏழு வயதளவில் ஒரு தடவையாவது பிள்ளையின் கடியினை வைத்தியர் ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும் என்பது நிபுணர்களின் பொதுவான அறிவுரை. பார்ப்பது வேறு, சிகிச்சை தொடங்குவது வேறு. பார்க்கச் செல்லும் பிள்ளைகளிற் பலருக்கு, "இப்போது ஒன்றும் வேண்டாம், அடுத்த ஆண்டு வாருங்கள்" என்பதே விடையாக அமையும். அவ்விடையும் பயனுள்ளதே.

காத்திருக்கக் கூடாதவை

சில குறைகளை மட்டும் சிறுவயதிலேயே திருத்துவது நன்று. முதலாவது, குறுக்குக் கடி. வாயை மூடும்போது மேற்பற்கள் வெளியேயும் கீழ்ப்பற்கள் உள்ளேயும் இருத்தலே இயல்பு. இது ஒரு பக்கத்தில் மாறியிருந்தால் பிள்ளை தாடையை ஒரு புறமாகத் தள்ளிக் கடிக்கப் பழகிவிடும். வளர வளரத் தாடையும் கோணலாகிவிடலாம். மேல் அண்ணத்தின் நடுவே உள்ள எலும்புப் பொருத்து பருவ வயதுக்கு முன் எளிதில் விரியக்கூடியதாதலால், அக்காலத்தில் தட்டு ஒன்றினால் அண்ணத்தை அகலமாக்க முடிகிறது.

இரண்டாவது, கீழ்த்தாடை முன்தள்ளி, கீழ் முன்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே நிற்பது. மேல்தாடை வளரும் வயதில், பொதுவாகப் பத்து வயதுக்கு முன், செய்யப்படும் சிகிச்சையே இதற்குக் கூடிய பலனளிக்கும்.

மூன்றாவது, மேல் முன்பற்கள் மிக அதிகமாக மிதந்திருப்பது. விழுந்தாலோ பந்து பட்டாலோ முதலில் உடைவது இப்பற்களே. 2013 இல் வெளியாகி 2018 இல் புதுப்பிக்கப்பட்ட கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இவ்விடயத்தில் கவனிக்கத்தக்கது. மிதப்புப் பல்லுக்குச் சிறுவயதிலேயே சிகிச்சை தொடங்கிய பிள்ளைகளையும், பதின்ம வயதில் ஒரே கட்டமாகச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, முன்பல் உடையும் ஆபத்து முந்திய பிரிவினருக்குக் குறைவாக இருந்தது. அதனைத் தவிர வேறு நன்மை எதுவும் காணப்படவில்லை. எனவே ஓடியாடி அடிக்கடி விழும் பிள்ளைக்கும், மிதந்த பல்லினாற் சக மாணவரின் கேலிக்கு ஆளாகி வருந்தும் பிள்ளைக்கும் முன்கூட்டிய சிகிச்சை பொருந்தலாம். ஏனையோர் காத்திருப்பதால் இழப்பு அதிகமில்லை.

நான்காவது, விரல் சூப்பும் பழக்கத்தால் உண்டாகும் திறந்த கடி. பின்பற்கள் பொருந்தியிருக்க முன்பற்கள் பொருந்தாமல் இடைவெளி விழுகிறது. தமிழ்ப் பாடசாலையில் சகரமும் தகரமும் நாக்கு வெளியே வந்து ஒலிக்கும் பிள்ளைகள் சிலரிடம் இக்குறை இருப்பதைக் காணலாம். நிரந்தர முன்பற்கள் முளைக்கும் முன் இப்பழக்கம் நின்றுவிட்டால் பல வேளைகளிற் கடி தானாகவே சீராகிறது. சூப்பியை மூன்று வயதளவில் நிறுத்துவதும் நன்று. அடிப்பதாலும் விரலில் வேப்பெண்ணெய் பூசுவதாலும் சாதிக்க முடியாததைப் பொறுமையான பேச்சும் ஒரு நாட்காட்டியில் ஒட்டும் நட்சத்திரங்களும் சாதிப்பதை ஆசிரியராயிருந்த காலத்தில் நாம் கண்டிருக்கிறோம்.

ஐந்தாவது, பிளவுபட்ட உதடு, அண்ணத்துடன் பிறந்த பிள்ளைகள். இவர்களுக்குச் சிகிச்சை பிறப்பிலிருந்தே திட்டமிடப்படுகிறது.

இவற்றோடு, காலத்துக்கு முன் இழக்கப்படும் பாற்பல்லையும் சேர்க்கவேண்டும். பாற்கடைவாய்ப்பல் சூத்தையாகிப் பிடுங்கப்பட்டால், பின்னால் நிற்கும் ஆறு வயதுப்பல் அந்த இடத்தை நோக்கிச் சரிகிறது. கீழிருந்து வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமற் போகிறது. இனிப்புத் தேநீரையும் பழச்சாற்றையும் போத்தலில் ஊற்றிக் குழந்தையைப் படுக்கவைக்கும் வழக்கம், பத்து ஆண்டுகளின் பின் கம்பியாக வந்து நிற்கக்கூடும். பல் பிடுங்கப்பட்டால், இடத்தைக் காக்கும் சிறு கருவி வேண்டுமா என வைத்தியரிடம் கேட்டல் வேண்டும்.

காத்திருக்கக் கூடியவை

எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து, நடுவே இடைவெளியுடன் நிற்பது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டமே. வேட்டைப் பற்கள் இறங்கி வரும்போது அவை முன்பற்களை நெருக்குவதால் இடைவெளி தானாகவே மூடுகிறது. சிறிதளவான நெருக்கமும் தெற்றுப்பல்லும் பன்னிரண்டு வயதுவரை காத்திருக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பத்து வயதில் மேல் வேட்டைப்பல் வரும் இடத்தில், முரசின்மேல் விரலால் தடவும்போது எந்தப் புடைப்பும் தட்டுப்படாவிட்டால், பல் வேறு திசையில் வளர்கிறதா எனப் பார்ப்பிக்க வேண்டும்.

எவர் செலவில்?

ஜேர்மனியின் அரச சட்டத்துக்குட்பட்ட சுகாதாரக் காப்புறுதி, அதாவது நாம் கிராங்கன்காசே என அழைப்பது, எல்லாக் கம்பிக்கும் பணம் கொடுப்பதில்லை. 2002 ஜனவரி முதல், கா.ஈ.கே. என்னும் எழுத்துகளாற் குறிக்கப்படும் ஐந்து படிகள் நடைமுறையில் உள்ளன. 3, 4, 5 ஆம் படிகளில் அடங்கும் குறைக்குக் காப்புறுதி பொறுப்பேற்கும். 1, 2 ஆம் படிகளுக்குப் பெற்றோரே செலவு செய்யவேண்டும். உதாரணமாக, மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட 6 மில்லிமீற்றருக்கு மேல் முன்னால் நின்றால் 4 ஆம் படி, 9 மில்லிமீற்றருக்கு மேலானால் 5 ஆம் படி. 6 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ ஆயின், மிதப்பு என்ற ஒரே காரணத்துக்காகக் காப்புறுதி பணம் தராது. சிகிச்சை 18 வயதுக்கு முன் தொடங்கவேண்டும். பெரியவர்களுக்கு, தாடையிற் சத்திரசிகிச்சையும் சேர்ந்து தேவைப்படும் கடுமையான குறைகளுக்கு மட்டுமே உதவி உண்டு.

வழமையான சிகிச்சை, பாற்பற்கள் பெரும்பாலும் விழுந்து முடியும் காலத்திலேயே தொடங்கும். முன்கூட்டிய சிகிச்சையை மேலே கூறிய கடுமையான குறைகளுக்கு மட்டும் விதிவிலக்காகக் காப்புறுதி ஏற்கிறது.

ஏற்கப்பட்ட சிகிச்சையிலும் ஒவ்வொரு காலாண்டிலும் 20 வீதத்தைப் பெற்றோர் முதலிற் கட்டவேண்டும். ஒரே வீட்டில் வாழும் இரண்டு பிள்ளைகள் ஒரே காலத்திற் சிகிச்சை பெற்றால், இரண்டாவது பிள்ளைக்கும் அடுத்தவர்களுக்கும் 10 வீதம். காலாண்டுக்கான கணக்கு 150 யூரோ என வைத்துக்கொண்டால், முதற்பிள்ளைக்கு 30 யூரோ, இரண்டாம் பிள்ளைக்கு 15 யூரோ. திட்டமிட்டபடி சிகிச்சை முடிந்ததென வைத்தியர் எழுத்தில் உறுதிப்படுத்தியதும், கட்டிய இப்பணம் முழுவதையும் காப்புறுதி திருப்பித் தரும். எனவே முதற்சீட்டிலிருந்து கடைசிச்சீட்டு வரை ஒரு கோவையிற் போட்டு வையுங்கள். இடையிற் கைவிடப்பட்ட சிகிச்சைக்கு இப்பணம் திரும்பி வராது.

இந்த இடத்திற்றான் எமது குடும்பங்கள் பல இடர்ப்படுகின்றன. வேலைக்காகவோ வதிவிட அனுமதியின் நிபந்தனையாலோ ஊர் மாறும்போது சிகிச்சையும் அறுந்துபோகிறது. அவ்வாறு நேரவேண்டியதில்லை. புறப்படும் முன் காப்புறுதிக்கு அறிவித்து, பழைய வைத்தியரிடமிருந்து கதிர்ப்படங்களையும் பல் அச்சுகளையும் சிகிச்சைத் திட்டத்தையும் பெற்றுக்கொண்டு சென்றால், புதிய ஊரிலுள்ள வைத்தியர் தொடரலாம்.

அகதி விண்ணப்பம் முடிவாகாதோர்

அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களின் பிள்ளைகளுக்கு, காப்புறுதியில் உள்ள ஏனைய பிள்ளைகளின் உரிமையே உண்டு. விண்ணப்பம் முடிவாகாதோர் நிலை வேறு. புகலிடம் கோருவோர் உதவிச் சட்டத்தின்கீழ், கடும் நோய்க்கும் வலிக்குமான சிகிச்சையே முதன்மையாக வழங்கப்படுகிறது. முன்பு 18 மாதங்களாக இருந்த இக்காலம், 2024 பெப்ரவரி மாத இறுதியில் 36 மாதங்களாக நீட்டப்பட்டது. அக்காலத்துள் கம்பிக்கு அனுமதி கிடைப்பது அரிது. எனினும் பிள்ளைகளின் விசேட தேவைகளுக்கு உதவ அதே சட்டத்தில் இடமுண்டு. பிளவுபட்ட அண்ணம் போன்ற கடுமையான குறையாயின், வைத்தியரின் கடிதத்துடன் சோசியல் அம்ற்றுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். மறுப்பையும் எழுத்திற் கேளுங்கள். எழுத்தில் வந்த மறுப்புக்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம். காத்திருக்கும் காலத்திற் சூத்தையைத் தடுப்பது எமது கையில் உள்ளது. பல் சூத்தையாக இருக்கும் வாயில் எந்த வைத்தியரும் கம்பி பூட்டமாட்டார்.

கையொப்பம் இடுமுன்

எமக்கு அறிமுகமான தந்தை ஒருவர், பன்னிரண்டு வயது மகளை அழைத்துக்கொண்டு பற்சீரமைப்பு வைத்தியரிடம் சென்றார். அவர் வாசித்து விளங்க இயலாத பத்திரங்கள் மூன்று மேசையில் வைக்கப்பட்டன. "என்ன பிள்ளை எழுதியிருக்கு?" என்று கேட்டார். "நல்ல கம்பி போடுறதாம் அப்பா" என்றாள் மகள். கையொப்பம் இட்டார். அதில் ஒன்று, காப்புறுதி கொடுக்காத மேலதிக வசதிகளுக்கான தனிப்பட்ட ஒப்பந்தம். தொகை ஆயிரம் யூரோவுக்கு மேல். மாதாந்தம் கடிதம் வரத் தொடங்கியபின், காப்புறுதி அலுவலகத்திற் பத்திரங்களைக் காட்டியபோதுதான், அவ்வசதிகள் இல்லாமலே மகளுக்குச் சிகிச்சை கிடைத்திருக்கும் என்பது அவருக்கு விளங்கியது.

அந்தப் பிள்ளைமீது எப்பிழையும் இல்லை. பாடசாலையில் அவள் கற்ற ஜேர்மன் மொழி ஒப்பந்தங்களின் மொழியன்று. தனது வாய்க்கான விலையைத் தானே தந்தைக்கு மொழிபெயர்க்கும் பொறுப்பை ஒரு பிள்ளையின் தலையில் வைப்பது முறையுமன்று. வளர்ந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

சிறிய பூட்டுகள், பல்நிறப் பூட்டுகள், விசேட கம்பிகள், பல்லின்மேல் பூசப்படும் காப்புப் பூச்சு ஆகியனவே பெரும்பாலும் மேலதிக வசதிகளாக முன்வைக்கப்படுகின்றன. அவற்றுட் சில வசதியானவை; ஆயினும் அவையின்றிப் பல் நேராகாது என்பதில்லை. 2019 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, மேலதிகச் செலவை வைத்தியர் சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். மேலதிகக் கட்டணம் இல்லாத சிகிச்சையும் உண்டென உங்களுக்கு விளக்கப்பட்டிருக்கவேண்டும். ஆகவே, "காப்புறுதி கொடுக்கும் சிகிச்சை மட்டும் போதும்" என்று சொல்லத் தயங்காதீர்கள். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்லுங்கள். காப்புறுதியிடமோ பாவனையாளர் ஆலோசனை நிலையத்திலோ காட்டுங்கள். வேறொரு வைத்தியரின் கருத்தையும் கேளுங்கள். பல் ஓரிரு வாரங்களிற் கெட்டுவிடாது.

கேள்வி கேட்பது அவமரியாதையாகாது. கம்பிச் சிகிச்சையால் மக்களின் பல்நலம் நெடுங்காலத்தில் எவ்வளவு மேம்படுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லையென ஜேர்மனியின் கூட்டாட்சிக் கணக்காய்வு மன்றமே 2018 இல் குறை கூறியது. சிகிச்சை வீண் என்பது இதன் பொருளன்று. எனது பிள்ளைக்கு இது எதற்கு, இப்போது ஏன், செய்யாவிட்டால் என்ன நேரும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை பெறும் உரிமை எமக்கு உண்டு என்பதே பொருள்.

கம்பி பூட்டிய பின்

பூட்டிய முதற்சில நாட்கள் வலி இருக்கும். கஞ்சி, இடியப்பம், சொதி போன்ற மென்மையான உணவு கொடுக்கலாம். கம்பி கன்னத்தைக் குத்தினால் வைத்தியர் தரும் மெழுகை ஒட்டவேண்டும். முறுக்கு, கச்சான், எள்ளுருண்டை, தொதல், எலும்பு ஆகியன பூட்டுகளைக் கழற்றிவிடும். அப்பிளையும் மாம்பழத்தையும் கடித்து உண்ணாது வெட்டி உண்ணவேண்டும். மஞ்சள் சேர்ந்த கறி, நிறமற்ற இறப்பர் வளையங்களை ஒரே நாளில் மஞ்சளாக்கும். அதற்காகக் கறியைக் கைவிட வேண்டாம், சாம்பல் நிற வளையம் கேட்டாற் போதும்.

இவை யாவற்றிலும் முக்கியமானது துலக்குதல். கம்பியைச் சுற்றி உணவு தேங்கினால் பல்லின் மிளிரியில் வெண்புள்ளிகள் விழும்; கம்பி கழன்ற பின்னும் அவை நிலைத்திருக்கும். புளோரைட் கலந்த பற்பசையால் ஒவ்வொரு உணவின் பின்னும் துலக்கி, கம்பியின் இடுக்குகளைச் சிறு தூரிகையாற் சுத்தம் செய்யவேண்டும். 6 வயது முதல் 17 வயது வரை, அரையாண்டுக்கு ஒருமுறை பல் பாதுகாப்புப் பரிசோதனை காப்புறுதி செலவிலேயே கிடைக்கிறது. அதனைத் தவறவிடாதீர்கள்.

கழற்றிப் போடும் தட்டாயின், நாளொன்றுக்கு 14, 16 மணித்தியாலம் அணிந்தாற்றான் பயன். அணியத் தொடங்கிய சில நாட்களுக்கு ழகர ளகரங்கள் தடுமாறும். தினமும் கால்மணி நேரம் உரத்து வாசித்தால் நாக்கு பழகிவிடும். உணவு வேளையிற் கடதாசியில் சுற்றிவைக்கும் தட்டு குப்பைக்கூடைக்கே போகும். பெட்டியில் வைக்கப் பழக்குங்கள்.

கோடை விடுமுறையிற் கனடாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்லும் குடும்பங்கள், புறப்படுமுன் வைத்தியரிடம் காட்டி, அடுத்த நாளைக் குறித்துக்கொண்டு செல்லவேண்டும். ஊரிற் குறைந்த செலவிற் கம்பி பூட்டிக்கொண்டு வருவோம் என எண்ணுவோரும் உளர். பூட்டுவது ஒருநாள் வேலை. அதனை முறுக்கிச் சீர்செய்வது ஆண்டுக்கணக்கான வேலை. ஊரில் தொடங்கியதை இங்கே தொடரும் வைத்தியரைக் காண்பது கடினம்.

கம்பி கழன்றதும் சிகிச்சை முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. பற்கள் பழைய இடத்தை நோக்கித் திரும்பும் இயல்புடையன. அவற்றைத் தாங்கும் தட்டையோ உட்புறக் கம்பியையோ ஆண்டுகள் பல அணியவேண்டும். மூன்று ஆண்டுப் பொறுமையை மூன்று மாத அசட்டையில் இழந்தோர் பலர்.

மகளுக்கும் மகனுக்கும்

இறுதியாக ஒரு விடயம். நாளை கலியாணம் பேசவேண்டும் என்பதற்காக மகளின் பல்லுக்கு மட்டும் கவலைப்பட்டு, "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன குறை" என்று மகனின் குறுக்குக் கடியைக் காணாதிருக்கும் வீடுகள் எம்மிடையே உள்ளன. தாடைக்கு ஆண் பெண் வேறுபாடு தெரியாது. அதுபோலவே, சிறு தெற்றுப்பல் ஒன்றுடன் மகிழ்ச்சியாகச் சிரிக்கும் பெண்பிள்ளையிடம், அவளது முகத்தில் குறையிருப்பதாக நாள்தோறும் சொல்லி அச்சிரிப்பை நிறுத்திவிடவும் கூடாது.

பிள்ளைக்கு ஏழு வயதாகிவிட்டதா? பல் வைத்தியரிடம் நாள் குறியுங்கள். மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விளங்காத பத்திரத்திற் கையொப்பம் இடாதீர்கள். இன்று செய்யக்கூடியது இவ்வளவே. ஏனையவற்றுக்குப் பெரும்பாலும் காலம் இருக்கிறது.